பங்குனி உத்திரத்துக்குப் பிள்ளைகளோடு சாஸ்தா கோவில்: முதல் முறை அழைத்துப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசிப் பக்கம் பிறந்து, சிறு வயதில் பங்குனி உத்திரத்தன்று சொந்தபந்தங்களோடு குலதெய்வமான சாஸ்தா (அய்யனார்) கோவிலுக்குப் போய், மணலில் புரண்டு, ஓலைப் புகையில் கண் எரிந்து, சுடச்சுடப் பொங்கலை இலையில் வாங்கித் தின்ற நினைவை வைத்துக்கொண்டு, இப்போது சென்னையிலோ பெங்களூரிலோ பிள்ளை வளர்க்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாம் பிள்ளைகளாக இருந்தபோது எல்லாம் தானாக நடந்ததாகத் தோன்றும். யார் கோவில் வரி கட்டினார்கள், யார் விறகு ஏற்பாடு செய்தார்கள், பூசாரியிடம் யார் பேசினார்கள் என்பது நமக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் பலர் இப்போது இல்லை. எங்கள் வீட்டில் இதை மறுபடி தொடங்கியபோது கேட்டுக் கேட்டும் அலைந்தும் கற்றவற்றை வரிசைப்படுத்தித் தருகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு முறை மிகப் பெரிதாகச் செய்வதைவிட, ஆண்டுதோறும் தாங்கக்கூடிய அளவில் செய்வதே பிள்ளைகள் மனத்தில் வழக்கமாகப் படியும். கீழே உள்ள யோசனைகள் அனைத்தும் அடுத்த ஆண்டும் போக முடியுமா என்ற கேள்வியை வைத்தே சொல்லப்பட்டவை.

1. எந்தச் சாஸ்தா என்பதை எழுத்தில் உறுதி செய்யுங்கள்

குலதெய்வம் தந்தை வழியில் வருவது என்பதால் அப்பா, பெரியப்பா, சித்தப்பா, அத்தை என்ற வரிசையில் விசாரியுங்கள். பெரும்பாலும் அத்தைமார்தான் சரியாகச் சொல்வார்கள். கல்யாணமாகிப் போன பின்பும் பிறந்த வீட்டுச் சாமியை அவர்கள் மறப்பதில்லை. கேட்க ஆளில்லாதவர்களுக்கு வீட்டுக் காகிதங்கள் உதவும்.

பழைய கல்யாண அழைப்பிதழ்களை முதலில் தேடுங்கள். அதன் உச்சியில் ‘துணை’ என்று அச்சிட்டிருக்கும் சாமியின் பெயர் பெரும்பாலும் அந்த வீட்டுக் குலதெய்வம்தான். அடுத்து, பூர்வீக வீட்டின் பத்திரம். அதில் செக்குபந்தி (நான்கெல்லை விவரம்) எழுதியிருக்கும் இடத்தில், இன்ன மாடன் கோவிலுக்குக் கிழக்கு, இன்ன குளத்துக் கரைக்கு மேற்கு என்று எல்லை காட்டியிருப்பார்கள். ஊரின் பழைய பெயரும் அங்கேதான் கிடைக்கும். பூசை அலமாரியில் மஞ்சள் துணியில் முடிந்து வைத்த நேர்ச்சைக் காசு இருந்தால் அவிழ்க்காமல், அது எந்தச் சாமிக்கு முடிந்தது என்று மூத்தவர்களிடம் கேளுங்கள். வீட்டில் திரும்பத் திரும்ப வரும் பெயர்களும் துப்புத் தரும்: சொரிமுத்து என்ற பெயர் தலைமுறைதோறும் வந்தால் காரையாறு சொரிமுத்து அய்யனாரையும், கற்குவேல் என்று வந்தால் தேரிக்குடியிருப்புக் கற்குவேல் அய்யனாரையும் விசாரித்துப் பார்ப்பது நியாயம்.

இங்கே இரண்டு இடங்களில் பலர் தடுமாறுகிறார்கள். சாஸ்தா வேறு, நாம் கொடை என்னும் திருவிழா எடுக்கும் காவல் தெய்வம் வேறு என்பது ஒன்று. பல குடும்பங்களுக்கு ஊரில் சுடலைமாடனோ இசக்கியம்மனோ பேச்சியம்மனோ இருக்க, சாஸ்தா வேறொரு ஊரில் இருப்பார். பங்குனி உத்திரத்துக்குப் போக வேண்டியது சாஸ்தாவிடம். ஒரே பெயரில் பல கோவில்கள் இருப்பது மற்றொன்று. கைப்பேசி வரைபடத்தில் முதலில் வரும் கோவிலை நம்பிக் கிளம்பாதீர்கள். ஊர், அருகிலுள்ள குளம், பூசாரியின் பெயர், நம் வகையறாவின் (தந்தை வழிக் கூட்டத்தின்) பெயர் ஆகிய நான்கும் பொருந்தினால்தான் அது நம் கோவில்.

2. வரி நோட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்

குடும்பங்களிடம் வரி வாங்கித் திருவிழா நடத்தும் கோவில்களில் ஒவ்வொரு தலைக்கட்டுக்கும், அதாவது கணக்கில் ஒரு குடும்பத்துக்கும், இவ்வளவு என்று வைத்திருப்பார்கள். கல்யாணமான ஆண் தனித் தலைக்கட்டு என்பது பொதுவான கணக்கு. ஊரை விட்டு வந்து நாளானவர்களின் வீட்டுக் கணக்கு பெரும்பாலும் தாத்தா பெயரிலேயே நின்றுபோயிருக்கும். அதை உங்கள் பெயருக்கு மாற்றத் திருவிழா அன்று போய் நிற்காதீர்கள். அன்று நோட்டு வைத்திருப்பவருக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. வரி நிர்ணயிக்கத் திருவிழாவுக்கு முன்பு ஒரு கூட்டம் போடுவார்கள், அதற்குள் தொலைபேசியில் பேசி முடித்துவிடுங்கள்.

நிலுவை இருப்பதாகச் சொன்னால் எந்த ஆண்டுக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் தவறில்லை, மரியாதையாகக் கேட்டால் தருவார்கள். பணம் கட்டியவுடன் ரசீது வாங்கிப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு நோட்டு வேறொருவர் கைக்குப் போயிருக்கலாம். அப்போது அந்த ரசீது ஒன்றுதான் பேசும். பெண் வழியில் வருகிறவர்களுக்கு வரி கிடையாது என்று பல இடங்களில் வைத்திருக்கிறார்கள். பிறந்த வீட்டுச் சாமியைப் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பும் தாய்மார்கள் காணிக்கையாகக் கொடுத்துவிட்டு வரலாம், யாரும் தடுப்பதில்லை.

3. நாளைக் குறித்துவிட்டுப் பள்ளி அட்டவணையைப் பாருங்கள்

பங்குனி மாதம் மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை ஓடும். உத்திரம் 2025-இல் ஏப்ரல் 11, வெள்ளிக்கிழமை வந்தது. 2026-இல் ஏப்ரல் 1, புதன்கிழமை. முதலாவது தமிழ்ப் புத்தாண்டு விடுமுறையை ஒட்டியும், இரண்டாவது பெரிய வெள்ளியை ஒட்டியும் விழுந்ததைக் கவனியுங்கள். இப்படி விழும் ஆண்டுகளில் ரயிலில் கூட்டம் இருமடங்கு நெருக்கும். பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் நட்சத்திர நேரம் சற்று மாறும் என்பதால், கோவிலில் எந்த நாளில் கொண்டாடுகிறார்கள் என்று பூசாரியிடம் கேட்டுவிட்டே பயணச்சீட்டு எடுங்கள்.

ஆண்டுத் தேர்வுகளும் இதே நாள்களில்தான் நடக்கும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீட்டில் அந்த ஆண்டு போராடுவதில் பொருளில்லை. சிபிஎஸ்இ பள்ளிகளில் பல ஏப்ரல் தொடக்கத்திலேயே புதிய வகுப்பைத் தொடங்கிவிடுகின்றன. அங்கே முதல் வாரத்தில் விடுப்புக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். தேர்வு அட்டவணை வந்த அன்றே விடுப்புக் கடிதத்தைக் கொடுத்துவிடுவது நல்லது. உத்திரத்தன்று போக முடியாத ஆண்டில் கோடை விடுமுறையின் முதல் வெள்ளிக்கிழமை போவது என்று மாற்று விதி ஒன்றை வீட்டில் முன்கூட்டியே பேசி வையுங்கள். கூட்டமில்லாத நாளில் பிள்ளைகள் கோவிலை இன்னும் நன்றாகப் பார்க்க முடியும் என்பது என் கருத்து. ஆனால் சொந்தக்காரப் பிள்ளைகள் அன்று இருக்க மாட்டார்கள், அது பெரிய குறைதான்.

4. ரயில், வேன், அவற்றுக்கான காகிதங்கள்

சென்னை எழும்பூரிலிருந்து திருநெல்வேலி ஏறத்தாழ 650 கிலோமீட்டர். ஒரே இரவில் போய்விடலாம், ஆனால் இடம் கிடைத்தால். 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு, பயண நாளைச் சேர்க்காமல் 60 நாள்களுக்கு முன்புதான் திறக்கிறது. காலை 8 மணிக்கு. போகும் சீட்டை எடுத்த களிப்பில் திரும்பும் சீட்டை மறந்துவிடுகிறவர்கள் உண்டு. திரும்பும் நாளுக்கான முன்பதிவு இரண்டு, மூன்று நாள் கழித்துத் தனியே திறக்கும் என்பதை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். தட்கலை நம்பியிருந்தால், குளிர்சாதன வகுப்புகளுக்குப் பயணத்துக்கு முந்தின நாள் காலை 10 மணி, மற்றவற்றுக்கு 11 மணி. 2025 ஜூலை முதல் இணையத்தில் தட்கல் எடுக்க, கணக்கில் ஆதார் சரிபார்த்திருக்க வேண்டும். இதைக் கடைசி நாளில் செய்ய முயன்றால் ரகசிய எண் வருவதற்குள் சீட்டு தீர்ந்திருக்கும்.

பிள்ளைகளுக்கான விதியில் பலருக்குக் குழப்பம் உண்டு. 5 வயது நிறையாத குழந்தைக்குத் தனிப் படுக்கை வேண்டாம் என்றால் கட்டணம் இல்லை. 5 முதல் 12 வயதுக்குள் இருந்து தனிப் படுக்கை வேண்டாம் என்று குறித்தால் அரைக் கட்டணம். படுக்கை கேட்டால் முழுக் கட்டணம். இரவுப் பயணத்தில் ஏழு வயதுப் பிள்ளையை நம் படுக்கையில் ஒடுக்கிப் படுக்க வைத்துவிட்டு மறுநாள் வெயிலில் நிற்பது எளிதன்று. இந்த ஒரு செலவில் கஞ்சம் பார்க்க வேண்டாம்.

கையில் இருக்க வேண்டியவை: பெரியவர்களின் அடையாள அட்டை, பிள்ளைகளின் ஆதார் (5 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நீல அட்டை) அல்லது பிறப்புச் சான்றின் நகல், காது குத்துவதாக இருந்தால் தடுப்பூசி அட்டை, வரி ரசீது. எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டுப் பெட்டியில் வைக்காமல் தோள்பையில் வையுங்கள்.

திருநெல்வேலியிலிருந்து கோவிலுக்கு வேன் பேசும்போது, சொல்லும் தொகையில் ஓட்டுநர் பேட்டா, சுங்கச்சாவடி, காத்திருக்கும் நேரம் மூன்றும் அடக்கமா என்று கேட்டு, அதைக் கைப்பேசியில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். உத்திரத்தன்று தெற்கத்தி வேன்கள் எல்லாம் ஏதாவது ஒரு சாஸ்தா கோவிலில்தான் நிற்கும், அதனால் விலை ஏறும். ஒரு மாதத்துக்கு முன்பே முன்பணம் கொடுத்து வைப்பது உசிதம். எங்களிடம் முன்பணம் வாங்கிய ஒரு வேன்காரர் முதல் நாள் இரவு வர முடியாது என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து மாற்று வண்டி ஒருவரின் எண்ணையும் எழுதி வைத்துக்கொள்கிறோம். முக்கியமான கோவில்களுக்கு அரசுப் பேருந்துகளும் சிறப்பாக விடுவார்கள். மூட்டை குறைவாக இருந்தால் அதுவே போதும்.

காரையாறு போகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சொரிமுத்து அய்யனார் கோவில் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. பாபநாசம் வனச் சோதனைச்சாவடியில் வண்டியைச் சோதிப்பார்கள், பிளாஸ்டிக் பைகளை எடுத்துவிடுவார்கள், பகலில் மட்டும்தான் விடுவார்கள். சமையல் சாமானைத் துணிப்பையிலும் எவர்சில்வர் டப்பாவிலும் கட்டுங்கள். அந்த ஆண்டின் கட்டுப்பாடுகளை முந்தின வாரமே விசாரித்துக்கொள்ளுங்கள்.

5. பொங்கலும் படையலும்

பிள்ளைகள் மனத்தில் நிற்கப்போவது இந்தப் பகுதிதான், ஆகவே இதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். காலை வெயில் ஏறும் முன் அடுப்பு மூட்டிவிடுவது முறை. தேரிக்காட்டுக் கோவில்களில் பத்து மணிக்கு மேல் செம்மண் கொதிக்கும். பிள்ளைகளால் வெறுங்காலோடு நிற்க முடியாது.

எடுத்துப் போக வேண்டியவை: வெண்கலப் பானை, அகப்பை, பச்சரிசி, சிறுபருப்பு, வெல்லம், நெய், ஏலக்காய், தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, சூடம், பத்தி, மஞ்சள் கிழங்கு, தீப்பெட்டி இரண்டு, அரிவாள், பானை இறக்கப் பழந்துணி, தண்ணீருக்கு மூடி போட்ட குடம். செங்கல்லும் விறகும் பனை ஓலையும் கோவில் வாசலிலேயே விற்பார்கள், சுமந்து போக வேண்டாம். விறகு சற்று ஈரமாக இருக்கும், ஆகவே ஓலைக்கட்டு ஒன்று கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். வாடகைப் பாத்திரம் எடுக்கலாம் என்று எண்ணிப் போனால் அன்றைக்கு எதுவும் மிஞ்சியிருக்காது.

எரிவாயு அடுப்பிலேயே சமைத்துப் பழகியவர்களுக்கு ஓலைத் தீ புதிதாக இருக்கும். ஓலை குப்பென்று பிடித்து, பானையின் கழுத்து வரை எழும்பி, அடுத்த ஓலையை எடுப்பதற்குள் அடங்கிவிடும். ஒருவர் அடுப்பை விட்டு நகராமல் ஓலையை மடித்து மடித்து உள்ளே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருவர் அந்த ஓலையைப் பிரித்துக் கையில் கொடுக்க வேண்டும். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஓலை கொடுக்கும் வேலையைத் தந்துவிடுங்கள். முகம் கறுத்து, மூக்கில் கரியோடு, யார் கூப்பிட்டாலும் வராமல் அந்த வேலையில் உட்கார்ந்திருக்கும். சின்னப் பிள்ளை அரிசியை மூன்று கை அள்ளிப் போடட்டும். பானை பொங்கும்போது குலவை போட ஒரு ஆச்சியாவது கூட்டத்தில் இருப்பார். இல்லாவிட்டால் வீட்டுப் பெண்கள் வெட்கப்படாமல் போடுங்கள், பக்கத்து அடுப்புக்காரர்கள் சேர்ந்துகொள்வார்கள்.

பருத்திப் பாவாடை, பருத்திச் சட்டைதான் அன்றைக்கு உடை. நைலான் பட்டுத் துணியையும் தொங்கும் துப்பட்டாவையும் அடுப்பின் பக்கம் விடாதீர்கள். படம் எடுக்கும் பொறுப்பை ஒருவரிடம் கொடுத்துவிட்டு மற்றவர்களின் கைப்பேசிகளைப் பைக்குள் போட்டுவிடுங்கள்.

பல கோவில்களில் சாஸ்தாவுக்குச் சைவப் படையல் மட்டுமே. கிடாய் வெட்டு சாஸ்தாவைச் சுற்றியிருக்கும் பரிவாரத் தெய்வங்களுக்கு, அதுவும் வேறு நாளில். உங்கள் கோவில் வழக்கம் என்ன என்று கேட்காமல் கிடாயோடு போய் இறங்கினால் எல்லார் முகமும் வாடும்.

6. மொட்டையும் காதுகுத்தும் இருந்தால்

பிள்ளைக்கு ஒற்றைப்படை வயதில் வைப்பது வழக்கம். ஒரு வயதிலோ மூன்று வயதிலோ முடிப்பவர்களே மிகுதி. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் இரண்டும் நடக்க வேண்டும் என்பதால், மாமனாரின் வீட்டாருக்கு உங்கள் திட்டத்தைக் கடைசியில் சொல்லாதீர்கள். நாள் குறிப்பதற்கு முன்பே மாமனைக் கேளுங்கள். அவருக்கு விடுப்புக் கிடைக்காமல் போனால் மற்ற ஏற்பாடுகள் அனைத்தும் வீணாகும்.

அறநிலையத் துறையின் கட்டுப்பாட்டில் உள்ள கோவில்களில் 2021 முதல் மொட்டைக்குக் கட்டணம் இல்லை. சீட்டு மட்டும் வாங்க வேண்டும். குடும்பத்தார் நிர்வகிக்கும் சிறு கோவில்களில் மொட்டை போடுகிறவரையும் காது குத்தும் ஆசாரியையும் நாமே பேசி வைக்க வேண்டும். திருவிழாக் கூட்டத்தில் ஒரே கத்தியில் பல தலைகள் நடக்கும், ஆகவே புதிய பிளேடு பாக்கெட்டை நீங்களே வாங்கிப் போய், உங்கள் கண் முன்னே மாற்றச் சொல்லுங்கள். மொட்டை, குளியல், தலைக்குச் சந்தனம், புதுத்துணி, அதன் பிறகு காதுகுத்து என்ற வரிசையில் போனால் குழந்தை இரண்டாவது அழுகைக்கு முன் சற்று இளைப்பாறும். கம்மலை முதல் நாளே கொதிக்க வைத்த நீரில் கழுவித் துடைத்து வையுங்கள். காய்ச்சல் இருந்தால் தள்ளிப்போடுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது.

இதை முதல் பயணத்திலேயே சேர்த்து, ஊரை அழைத்து, பந்தல் போட்டுச் சாப்பாடு போடும் ஆசை பலருக்கு வரும். வேண்டாம் என்றே சொல்வேன். அப்படிச் செய்தவர்கள் அந்தக் கடன் தீரும் வரை அந்தக் கோவில் பக்கம் போவதில்லை, அதற்குள் பிள்ளை கல்லூரிக்குப் போய்விடுகிறது.

7. செலவை எப்படிப் பிரிப்பது

பயணமும் வேனும்தான் பெரிய பங்கு. சாமிக்கு ஆகும் செலவு அதன் பக்கத்தில் சிறியது. வரி, பூசாரி தட்சிணை, மாலை, பொங்கல் சாமான், விறகு எல்லாம் சேர்த்தும் ஒருவர் ரயிலில் போய்வரும் கட்டணத்தைச் சுற்றித்தான் நிற்கும். கூட்டாகப் போகும்போது தலைக்கட்டுக் கணக்கில் பிரித்தால், ஆறு பேர் வந்த வீடும் ஒருவர் மட்டும் வந்த வீடும் ஒரே தொகை கொடுக்க நேர்ந்து மனத்தாங்கல் வரும். ஆகவே வரியையும் பூசைச் செலவையும் தலைக்கட்டுப்படி பிரியுங்கள். வேனையும் சாப்பாட்டையும் ஆள்கணக்கில் பிரியுங்கள். கிளம்பும் முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும். மதியத்துக்குக் கட்டுச்சோறு எடுத்துப் போவது செலவைக் குறைக்கும். புளியோதரையும் பருப்புத் துவையலும் வெயிலுக்குத் தாங்கும், தயிர்ச்சாதம் தாங்காது.

8. கோவில் நோட்டு

இருநூறு பக்க நோட்டு ஒன்றை இதற்கென்றே வையுங்கள். போன நாள், வந்தவர்களின் பெயர், செலவு, பூசாரியின் எண், வேன்காரரின் எண், எந்தச் சாமிக்கு எந்த வரிசையில் தேங்காய் உடைத்தோம், எது மறந்துபோயிற்று என்பவற்றை அன்றைக்கு இரவே எழுதுங்கள். பதின்ம வயதுப் பிள்ளை இருந்தால் அந்தப் பொறுப்பு அவர்களுடையது. முதல் இரண்டு பக்கங்களில் தெரிந்த வரை வம்சாவளியை எழுதி, மூத்தவர்களிடம் காட்டித் திருத்தம் வாங்குங்கள். பெண் மக்களின் பெயர்களை விட்டுவிடும் பழைய வழக்கத்தைத் தொடர வேண்டாம்.

திரும்பி வந்ததும் பூசாரியிடம் ஒரு முறை பேசி நன்றி சொல்லுங்கள். பொங்கலுக்கு ஒரு முறை பேசி, வரிக் கூட்டம் எப்போது என்று கேளுங்கள். டிசம்பரில் புது நாட்காட்டி வீட்டுக்கு வந்தவுடன் உத்திரத்தைக் குறித்து, அதற்காக ரயில் ஏறும் நாளிலிருந்து 60 நாள் பின்னால் எண்ணி, முன்பதிவு திறக்கும் காலையைச் சிவப்பு மையில் வட்டமிடச் சொல்லிப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள்.